வீட்டுக்கு ஒரு ஹெலிகாப்டர்

பட்டம் விட ஆசைப்படும் பையனுக்குக் காகிதமும் மூங்கில் குச்சியும் நூலும் கொடுத்துவிட்டால் போதும். பாக்கி வேலையைக் காற்று பார்த்துக்கொள்ளும். பட்டம் அறுந்து போனாலும் பெரிய நஷ்டம் இல்லை. அடுத்த தெருப் பையனுக்கு ஒரு பட்டம் லாபம், அவ்வளவுதான். ஆனால் அதே பையன் ஒரு நாள், "ரேடியோவினால் ஓட்டும் ஹெலிகாப்டர் வேண்டும்" என்று கேட்கத் தொடங்கினால் தகப்பனாரின் பாடு சங்கடமாகிவிடுகிறது. கடையில் விசாரித்தால், உள்ளங்கையில் அடங்கும் பொம்மையையும் ஹெலிகாப்டர் என்கிறார்கள்; ஒரு மீட்டருக்கு மேல் நீளமுள்ள யந்திரத்தையும் ஹெலிகாப்டர் என்கிறார்கள். முன்னதன் விலைக்கு ஒரு சட்டை வாங்கலாம். பின்னதற்கு ஆகும் மொத்தச் செலவில் ஒரு மோட்டார் சைக்கிளே வாங்கிவிடலாம். இவ்விரண்டுக்கும் நடுவே எதைத் தேர்ந்தெடுப்பது?

பையன் என்று சொன்னோமே தவிர, இந்த ஆசை பெண் குழந்தைகளுக்கும் வரக் கூடியதுதான். இன்னும் உண்மையைச் சொன்னால், தகப்பனாருக்கே ஆசை இருந்து, அதைப் பையன் தலையில் ஏற்றிச் சொல்வதும் உண்டு. யாருக்காக வாங்கினாலும் நாம் சொல்ல விரும்புவது ஒன்றுதான். முதல் ஹெலிகாப்டர் கட்டாயம் கீழே விழும். ஒரு முறை அல்ல, பல முறை விழும். ஆகையால் எது மிக அழகாகப் பறக்கும் என்று பார்த்து வாங்குவதில் பயனில்லை. எது விழுந்தால் யாருக்கும் காயம் உண்டாகாது, எது குறைந்த செலவில் அன்று மாலைக்குள் மறுபடியும் பறக்கும் என்று பார்த்து வாங்க வேண்டும். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாக்கி விஷயங்கள் எல்லாம் தாமாகவே ஒழுங்குக்கு வந்துவிடும்.

ஏன் இத்தனை கஷ்டம்?

"நாலு விசிறி உள்ள ட்ரோனைச் சின்னக் குழந்தை கூட ஓட்டுகிறதே! ஹெலிகாப்டர் மட்டும் என்ன பிரமாதம்?" என்று நேயர்கள் கேட்கலாம். அத்தகைய ட்ரோனில் உண்மையில் பறப்பது அதனுள் இருக்கும் சிறு கணிப்பொறிதான். கையை எடுத்துவிட்டால் அது சமாளித்துக்கொண்டு நிற்கும். ஆகாய விமானத்தின் மாதிரியோ இறக்கையின் அமைப்பினாலேயே ஒருவாறு நேராகப் போகும். ஹெலிகாப்டருக்கு இந்த நல்ல குணம் கிடையாது. கவிழ்த்து வைத்த தட்டின் மேல் கோலிக்குண்டை நிறுத்துவது போன்ற காரியம் அதை அந்தரத்தில் நிறுத்துவது. குண்டு எந்தப் பக்கம் நகர்ந்தாலும், நகர்ந்த பக்கமே மேலும் ஓடும்.

மேலே உள்ள பெரிய விசிறி ஒரு பக்கமாகச் சுழலும்போது, ஹெலிகாப்டரின் உடல் அதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றப் பார்க்கிறது. அதைத் தடுப்பதற்குத்தான் வாலில் ஒரு சிறு விசிறி. ஆகவே ஓட்டுகிறவர் ஒரே சமயத்தில் நான்கு காரியங்களைக் கவனிக்க வேண்டியிருக்கிறது: ஏறுதல் இறங்குதல், முன் பின் சாய்தல், இடம் வலம் சாய்தல், வாலைத் திருப்புதல். ஒன்றைத் தொட்டால் மற்ற மூன்றும் கொஞ்சம் மாறிவிடும். கூட்டுக் குடும்பத்தில் ஒருவரைச் சமாதானப்படுத்தினால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

பெரிய ஹெலிகாப்டரைச் செய்தவர்களையும் இந்தத் தொல்லை விடவில்லை. அமெரிக்காவில் ஆர்தர் யங் என்பவர் 1930-களில் பல ஆண்டுகள் சின்னஞ்சிறு மாதிரிகளையே செய்து செய்து பார்த்தார். சுழல் விசிறியோடு ஓர் உறுதித் தண்டையும் சேர்த்துச் சுழல விட்டால் மாதிரி நிதானமாக நிற்கும் என்பதை அவர் அப்படித்தான் கண்டுபிடித்தார். 1941-ல் அவர் பெல் கம்பெனியில் சேர்ந்தார். அந்த உறுதித் தண்டுடன் அமைந்த "பெல் 47" என்னும் ஹெலிகாப்டர், 1946-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், பொதுமக்கள் உபயோகத்துக்கென்று அமெரிக்க அரசாங்கச் சான்று பெற்ற முதல் ஹெலிகாப்டர் ஆயிற்று. மாதிரியிலிருந்து பெரிய யந்திரம் பிறந்த கதை இது.

ரேடியோவினால் ஓட்டும் மாதிரிகளோ இதற்கு வெகு காலத்துக்குப் பிறகே உருப்படியாகப் பறந்தன. ஜெர்மனியில் டீட்டர் ஷ்லூட்டர் என்பவர் 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் செய்து காட்டிய பிறகுதான் மற்றவர்களுக்கு இது சாத்தியம் என்ற நம்பிக்கை பிறந்தது. அக்காலத்தில் இதைக் கற்றுக்கொள்வதற்கு இருந்த சிரமத்தில் இப்போது கால் பங்குகூட இல்லை. அந்த மாறுதலைச் செய்தவை மின்னணுக் கருவிகள். எனவே ஹெலிகாப்டரைத் தேர்ந்தெடுப்பதென்றால் பாதிக்கு மேல் அதன் கருவிகளைத் தேர்ந்தெடுப்பது என்றுதான் அர்த்தம்.

மூன்று வகை

கடையில் கிடைப்பனவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பெரிய விசிறிகள் எதிரெதிராகச் சுழலும். ஒன்றின் எதிர்விசையை மற்றது ஈடு செய்துவிடுவதால் உடல் சுற்றாது. கூடத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பறக்க விடலாம். சின்னக் குழந்தைகளுக்கு இது நல்ல பொம்மை. மூக்கு எந்தப் பக்கம், வால் எந்தப் பக்கம் என்று கண்ணுக்குப் பழக்கம் உண்டாகும். ஆனால் வாசலுக்குக் கொண்டு வந்தால், வேப்பமரத்துக் காற்றுக்கே தாங்காது. அன்றியும் இதைப் பத்து மாதம் ஓட்டினாலும் உண்மையான ஹெலிகாப்டரை ஓட்டும் வித்தையில் சிறு பகுதியே கைவரும்.

இரண்டாம் வகைக்கு ஒரே பெரிய விசிறியும் ஒரு வால் விசிறியும் உண்டு. பெரிய விசிறியின் இறகுகள் ஒரே சாய்வில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். மேலே ஏற வேண்டுமானால் விசிறி வேகமாகச் சுழல வேண்டும்; இறங்க வேண்டுமானால் மெதுவாக. விசிறி வேகம் மாறுவதற்குச் சற்று நேரம் பிடிக்குமாதலால், சொன்ன சொல்லை உடனே கேட்காது. ஆனால் இதில் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. இவ்வகையில் பல, நூறு கிராமுக்கும் குறைவான எடையுள்ளவை. சுவரில் மோதினாலும் எழுந்து மறுபடி பறக்கும். உடையக் கூடிய உறுப்புகளும் குறைவு.

மூன்றாம் வகைதான் முறையான ஹெலிகாப்டர். இதில் விசிறி எப்போதும் ஒரே வேகத்தில் சுழல, இறகுகளின் சாய்வு மாறுகிறது. சாய்வைக் கூட்டினால் உடனே ஏறும். குறைத்தால் உடனே இறங்கும். எதிர்ச் சாய்வு கொடுத்தால் தலைகீழாகவும் பறக்கும். ஓரளவு காற்றிலும் நிலை குலையாது. வேடிக்கை பார்ப்போர் வாய் பிளந்து நிற்பது இதைக் கண்டுதான். ஆனால் விழும்போது செலவு வைப்பதும் இதுதான்.

இந்த மூன்றாம் வகையைத்தான் ஒரு நாள் ஓட்ட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களும், அதையே முதலில் பெரியதாக வாங்கிவிடக் கூடாது. இரண்டாம் வகையில் ஒன்றையோ, மூன்றாம் வகையிலேயே உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய, விசிறி விட்டம் 25 சென்டிமீட்டர் அளவுள்ள குட்டி யந்திரத்தையோ முதலில் வாங்குவதே உத்தமம். குட்டி யந்திரங்களில் சிலவற்றுக்கு, கையை விட்டால் தானாக நிமிரும் ஏற்பாடும் உண்டு. கற்கும் காலத்தில் அதை உபயோகிப்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

இரண்டாவது யந்திரம் வாங்கும் காலம் வந்தால், "450" என்று சொல்லப்படும் அளவு பொருத்தமானது. அதன் ஒவ்வோர் இறகும் சுமார் 325 மில்லிமீட்டர் நீளம். இதற்கும் மேலே 500, 600, 700 என்று அளவுகள் போகின்றன. 700 என்றால் இறகே 700 மில்லிமீட்டர். அது விளையாட்டுச் சாமான் என்ற பெயருக்கு உரியது அல்ல. அளவு பெருகப் பெருக யந்திரம் நிதானமாகப் பறக்கும் என்பது மெய்தான். அதோடு செலவும் அபாயமும் பெருகும் என்பதையும் சேர்த்துச் சொல்லாத கடைக்காரரிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

கையில் இருக்கும் பெட்டி

பெரும்பாலோர் ஹெலிகாப்டரை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, மிஞ்சிய பணத்தில் ரேடியோவை வாங்குகிறார்கள். நாம் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்லுகிறோம். ஹெலிகாப்டர்கள் உடையும், மாறும். கையில் பிடிக்கும் ட்ரான்ஸ்மிட்டர் பல ஆண்டு கூடவே வரும். கட்டை விரல்கள் பழகுவது அதன் குச்சிகளில்தான்.

ட்ரான்ஸ்மிட்டரில் கவனிக்க வேண்டியவை யாவை? குறைந்தது ஆறு தடங்கள் வேண்டும். ஹெலிகாப்டருக்கென்று தனி அமைப்பு இருக்க வேண்டும். அதாவது மோட்டாரின் விசைக்கும் இறகின் சாய்வுக்கும் தனித்தனியே அளவு வகுக்க இடம் இருக்க வேண்டும். ஒரு ஸ்விட்சைத் தட்டினால், மற்றக் குச்சிகள் எந்த நிலையில் இருந்தாலும் மோட்டார் நின்றுவிட வேண்டும். "த்ராட்டில் ஹோல்ட்" என்று இதற்குப் பெயர். இது இல்லாத பெட்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். பல யந்திரங்களின் அமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதியும், நேரம் காட்டும் மணியும் இருந்தால் நல்லது. ஏறி இறங்கும் குச்சி இடது கையிலா, வலது கையிலா என்பதிலும் இரண்டு சம்பிரதாயங்கள் உண்டு. உள்ளூரில் சொல்லிக் கொடுக்கக் கூடியவர் எந்தச் சம்பிரதாயத்தில் ஓட்டுகிறாரோ அதையே எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பிற்பாடு மாற்றிக்கொள்வது இடது கைப் பழக்கத்தை மாற்றுவது போன்ற பாடு.

முற்காலத்தில் ஒரே மைதானத்தில் இருவர் ஒரே அலைவரிசையில் பெட்டியைத் திறந்துவிட்டால், ஒருவருடைய யந்திரம் மற்றவர் பேச்சைக் கேட்டுக் கீழே விழும். இப்போது வழக்கத்தில் உள்ள 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் தமக்குள் அலைகளைப் பங்கிட்டுக்கொள்வதால் அந்தச் சண்டை ஓய்ந்தது. ஆனால் வேறொரு சிக்கல் வந்திருக்கிறது. ஸ்பெக்ட்ரம், ஃபுடாபா, ஃப்ளைஸ்கை முதலிய கம்பெனிகள் ஒவ்வொன்றும் தனித்தனி பாஷை பேசுகின்றன. ஒன்றின் ட்ரான்ஸ்மிட்டர் சொல்வது இன்னொன்றின் ரிசீவருக்குப் புரியாது. பல பாஷைகள் பேசும் பெட்டிகளும் உண்டு. ரேடியோமாஸ்டர் கம்பெனியின் சில பெட்டிகள் அவ்வகை. எதை வாங்கினாலும், "இந்தப் பெட்டி இந்த ஹெலிகாப்டரோடு பேசுமா?" என்ற கேள்விக்குப் பதில் தெரிந்துகொண்ட பிறகே பணத்தைக் கொடுக்க வேண்டும். குட்டி ஹெலிகாப்டரோடு சேர்த்துக் கொடுக்கப்படும் மலிவுப் பெட்டி அந்த ஒன்றுக்குத்தான் ஆகும், அடுத்ததற்கு உதவாது.

உள்ளே இருக்கும் கருவிகள்

குட்டி யந்திரத்தில் கருவிகள் எல்லாம் ஒரே பலகையில் பொருத்தப்பட்டு வந்துவிடும். தேர்ந்தெடுக்கும் தொல்லை இல்லை. 450 அளவுக்குப் போகும்போதுதான் ஒவ்வொன்றையும் தனியாக வாங்க நேரும். அப்போது பின்வருவனவற்றைக் கவனிக்கலாம்.

பெரிய விசிறியின் சாய்வை மாற்ற மூன்று ஸர்வோக்களும், வாலுக்கு ஒரு ஸர்வோவும் வேண்டும். ஸர்வோ என்பது ரேடியோ சொன்ன அளவுக்கு ஒரு சிறு கையைத் திருப்பும் மோட்டார். முதல் மூன்றும் ஒரே மாதிரியாக இருக்க வேண்டும். வால் ஸர்வோ அவற்றைவிட வேகமானதாக இருப்பது அவசியம். இதில் சிக்கனம் பார்த்தால் வால் ஆடிக்கொண்டே இருக்கும். பழைய பாணி அனலாக் ஸர்வோவை வேகமான டிஜிட்டல் ஸர்வோவுக்கு உரிய அமைப்பில் ஓட்டினால் சூடேறிக் கருகிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது ஜைரோ என்னும் நிலைப்படுத்தும் கருவி. முன்னே சொன்ன யங் அவர்களின் தண்டும், அதைப் போலவே ஹில்லர் என்பவர் அமைத்த துடுப்புத் தண்டும் கலந்த ஓர் ஏற்பாடுதான் நெடுங்காலம் மாதிரி ஹெலிகாப்டர்களின் தலையில் சுழன்றுகொண்டிருந்தது. சுமார் 2010 முதல், மூன்று திசை அசைவையும் உணரும் மின்னணுக் கருவி அந்தத் தண்டின் இடத்தைப் பிடித்தது. வி-பார், மைக்ரோபீஸ்ட் என்பவை இவ்வகையில் பெயர் பெற்றவை. இக்கருவிகள் சிலவற்றில் ஆபத்துக்கு உதவும் பொத்தான் ஒன்று உண்டு. நிலை தப்பிவிட்டது என்று தோன்றியவுடன் அதை அழுத்தினால் யந்திரம் தானாக நிமிர்ந்து மேலே ஏறும். கற்பவர்களுக்கு அது ஒரு கவசம். பணம் கொஞ்சம் கூடினாலும் அந்த வசதி உள்ளதையே வாங்கச் சொல்லுவோம்; ஒரு விழுகையைத் தடுத்தாலே அந்த அதிகப்படிப் பணம் திரும்பி வந்துவிடும்.

மோட்டாருக்கு வேண்டிய மின்சாரத்தை அளந்து விடுவது வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. விசிறி எந்தச் சுமையிலும் ஒரே வேகத்தில் சுழலும்படி பார்த்துக்கொள்ளும் "கவர்னர்" வசதி அதில் இருக்க வேண்டும். மோட்டார் அதிகபட்சம் எத்தனை ஆம்பியர் இழுக்குமோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கக் கூடிய கருவியாகப் பார்த்து எடுப்பது நலம். ஸர்வோக்களுக்கும் ரிசீவருக்கும் மின்சாரம் வருவது பெரும்பாலும் இதே கருவி வழியாகத்தான். அது நடுவானில் தளர்ந்துவிட்டால், மோட்டார் மட்டுமன்று, யந்திரம் முழுவதும் செவிடாகிவிடும்.

பாட்டரி என்னும் அக்கினி

இந்த யந்திரங்களுக்கு உயிர் கொடுப்பது லித்தியம் பாலிமர் பாட்டரி. 450 அளவுக்குப் பெரும்பாலும் மூன்று அறைகள் உள்ள, 11.1 வோல்ட், 2200 மில்லி ஆம்பியர் மணி பாட்டரி உபயோகமாகிறது. ஐந்து நிமிஷம் பறக்கலாம். அதற்குமேல் ஆசைப்படக் கூடாது. பாட்டரியில் உள்ளதில் 80 சதவிகிதத்துக்குமேல் செலவழிக்காமல் இறக்கிவிடுவது நல்ல வழக்கம். ட்ரான்ஸ்மிட்டரில் மணி வைப்பது இதற்காகத்தான்.

ஓர் அறை முழுவதும் நிரம்பினால் 4.2 வோல்ட். அதற்கு மேலே ஒரு துளி ஏற்றினாலும் ஆபத்து. சும்மா வைத்திருக்கும் காலத்தில் 3.8 வோல்ட் அளவில் வைக்க வேண்டும். முழுவதும் நிரப்பி அலமாரியில் பூட்டி வைத்தாலும் கெடும். முழுவதும் காலி செய்து வைத்தாலும் கெடும். ஆகவே, ஒவ்வோர் அறையையும் தனித்தனியே பார்த்துச் சமமாக நிரப்பும் சார்ஜர் அவசியம் வேண்டும். 2200 மில்லி ஆம்பியர் மணி பாட்டரியை 2.2 ஆம்பியரில் ஏற்றினால் சுமார் ஒரு மணி நேரம் பிடிக்கும். அந்த ஒரு மணி நேரமும் வீட்டில் பொறுப்புள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். ராத்திரி சார்ஜரில் மாட்டிவிட்டுத் தூங்கப் போவது கூடவே கூடாது. திரைச்சீலை, மெத்தை, புத்தக அலமாரி இவற்றுக்கு அருகிலும் கூடாது. மண்சட்டியிலோ, தீப்பிடிக்காத உறையிலோ வைத்து, சிமெண்டுத் தரையில் ஏற்ற வேண்டும். உப்பிப் போன பாட்டரியையும், விழுந்து நசுங்கிய பாட்டரியையும் "இன்னும் ஒரு தடவை" என்று உபயோகிக்கக் கூடாது. அடிபட்ட பாட்டரி உடனே பற்றாமல், சற்று நேரம் கழித்துப் பற்றிக்கொள்வதும் உண்டு. எனவே விழுந்த யந்திரத்தின் பாட்டரியைக் கழற்றித் திறந்த வெளியில் சிறிது நேரம் வைத்துப் பார்த்த பிறகே வீட்டுக்கு எடுத்து வர வேண்டும்.

விளையாட்டு அல்லாத பகுதி

450 அளவு ஹெலிகாப்டரின் விசிறி நிமிஷத்துக்கு 2,800 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டுப் பார்த்தால், இறகின் நுனி மணிக்கு 370 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் போகிறது. எக்ஸ்பிரஸ் ரெயிலின் வேகம் இதில் பாதிகூட இல்லை. பெரிய யந்திரத்திலோ இறகின் கனமும் சேர்ந்துகொள்கிறது. 2013-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில், ஒரு பூங்காவில், நன்றாக ஓட்டத் தெரிந்த 19 வயது இளைஞர் ஒருவர் தம்முடைய ஹெலிகாப்டரின் இறகு தாக்கி அங்கேயே உயிர் துறந்தார். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. பெரிய யந்திரத்தைப் பிறந்த நாள் பரிசாக வாங்கிக் கொடுத்துவிட்டு, "மாடியில் போய் விளையாடு" என்று சொல்லக் கூடிய பெற்றோர் இருப்பார்களானால், அவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே சொல்லுகிறோம்.

மொட்டை மாடியிலும், தெருவிலும், குழந்தைகள் விளையாடும் மைதானத்திலும் இதைப் பறக்க விடக் கூடாது. மின்சாரக் கம்பி இல்லாத, ஆள் நடமாட்டம் இல்லாத திறந்த வெளி வேண்டும். சட்டத்தையும் பார்க்க வேண்டும். இந்தியாவில் 2021-ல் வெளியான ட்ரோன் விதிகள் ஆளில்லா வானூர்திகளை எடை கொண்டு பிரிக்கின்றன: 250 கிராம் வரை ஒரு வகை, அதிலிருந்து 2 கிலோகிராம் வரை ஒரு வகை, 25 கிலோகிராம் வரை ஒரு வகை என்று இப்படிப் போகிறது. ஆகாயத்தையும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கிறார்கள். விமான நிலையத்தை அடுத்து வசிப்பவர்கள் இவ்விஷயத்தில் இரட்டிப்பு ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில், முழு ட்ரோன்களை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதற்கு அரசாங்கம் தடை விதித்து, உதிரி பாகங்களுக்கு விலக்களித்தது. ஆகவே வெளிநாட்டுக் கடைக்குப் பணம் அனுப்புமுன், நடைமுறையில் உள்ள விதி என்னவென்று விசாரித்துக்கொள்வது பணத்துக்கு நல்லது.

உதிரி பாகம் என்றதும் இன்னொரு விஷயம். விழுந்தால் உடைவது பெரும்பாலும் இறகுகள், நடுத்தண்டு, இறகுகளைத் தாங்கும் குறுக்குத் தண்டு, பெரிய பல்சக்கரம், வால் குழாய் ஆகியவைதாம். இவை எளிதில் கிடைக்கின்றனவா என்று பார்த்த பிறகே யந்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எவ்வளவு சிறந்த ஹெலிகாப்டரானாலும், ஒரு பத்து ரூபாய்ப் பல்சக்கரத்துக்காக இரண்டு மாதம் காத்திருக்க நேர்ந்தால் பையனின் உற்சாகம் பரண் ஏறிவிடும். ஹெலிகாப்டரும் கூடவே ஏறும்.

பணத்தைப் பங்கிடுவது எப்படி?

இதற்கென்று நூறு ரூபாய் ஒதுக்குவதாக வைத்துக்கொண்டால், நாம் சொல்லும் பங்கீடு இது. ஐம்பது ரூபாய் ட்ரான்ஸ்மிட்டருக்கும் சார்ஜருக்கும் ஸிமுலேட்டருக்கும். முப்பது ரூபாய் ஹெலிகாப்டருக்கு. இருபது ரூபாய் உதிரி பாகங்களுக்கும் கூடுதல் பாட்டரிக்கும். நூறு ரூபாயையும் ஹெலிகாப்டரிலேயே போட்டவர்கள் முதல் ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அதைப் பெட்டியில் வைத்து மூடிவிடுகிறார்கள்.

ஸிமுலேட்டர் என்பது கணிப்பொறித் திரையில் ஹெலிகாப்டரைப் பறக்க விடும் ஏற்பாடு. ரியல்ஃப்ளைட், ஹெலி-எக்ஸ் முதலிய பெயர்களில் உண்டு. வீட்டில் உள்ள ட்ரான்ஸ்மிட்டரையே கணிப்பொறியோடு இணைத்து ஓட்டலாம். திரையில் ஆயிரம் முறை விழுந்தாலும் ஓர் இறகுகூட உடையாது. தினம் அரை மணி வீதம் ஒரு மாதம் பழகினால், விரல்கள் கேளாமலே வேலை செய்யத் தொடங்கும். முதலில் வால் நம் பக்கமாக இருக்கும்படி ஒரே இடத்தில் நிறுத்த வேண்டும். பிறகு பக்கவாட்டில். கடைசியில் மூக்கு நம் பக்கமாக. இந்தக் கடைசி நிலையில் இடமும் வலமும் மாறித் தோன்றும். கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு சவரம் செய்யக் கற்ற நாளை நினைத்துக்கொள்ள வேண்டியதுதான். அநேகர் யந்திரத்தை உடைப்பது இந்த இடத்தில்தான். எனவே திரையிலேயே இதைத் தீர்த்துக்கொள்வது எல்லாவற்றிலும் மலிவு.

முதல் நாள்

முதல் நாளன்று, மோட்டாரின் ஒயர்களைக் கழற்றிவிட்டு, கருவிகள் சொன்னபடி கேட்கின்றனவா என்று மேஜை மேலேயே பார்க்க வேண்டும். ஹெலிகாப்டரைக் கையில் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்த்தால், ஜைரோ அதை எதிர்ப்பக்கம் நிமிர்த்தப் பார்க்க வேண்டும். சாய்த்த பக்கமே மேலும் சாய்க்குமானால் திசை தவறாக அமைந்திருக்கிறது என்று அர்த்தம். அப்படியே பறக்க விட்டால் எழும்பிய கணத்தில் புரண்டுவிடும். ட்ரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் நிற்கும்படி அமைந்திருக்கிறதா என்பதையும் அப்போதே சோதிக்க வேண்டும்.

பிறகு காற்று எழாத காலை நேரத்தில் மைதானத்துக்குப் போகலாம். கால்களில் குறுக்குக் குச்சிகளைக் கட்டி, அவற்றின் நுனியில் பந்துகளைச் செருகினால் எளிதில் கவிழாது. ஓட்டுபவர் ஐந்து மீட்டருக்குக் குறையாமல் பின்னால் நிற்க வேண்டும். வேடிக்கை பார்ப்போர் அவருக்கும் பின்னால். தரையை ஒட்டிப் பறக்கும்போது விசிறிக் காற்று தரையில் பட்டுத் திரும்பி யந்திரத்தைத் தடுமாறச் செய்யும். ஆகையால் தயங்கித் தயங்கித் தரையோடு உரசாமல், ஒரு மீட்டர் உயரத்துக்கு எழுப்பிவிடுவதே சுலபம். தடுமாறினால் முதலில் த்ராட்டில் ஹோல்ட். சுழலும் விசிறியோடு தரையில் விழுந்தால் பத்து உறுப்புகள் உடையும். நின்றுகொண்டிருக்கும் விசிறியோடு விழுந்தால் இரண்டோடு போகும்.

விழுந்த பிறகு அவசரப்படக் கூடாது. நடுத்தண்டைக் கழற்றிக் கண்ணாடிப் பலகை மேல் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். மயிரிழை விரிசல் கண்ட இறகைக்கூட ஒட்டி உபயோகிக்கக் கூடாது. இரண்டாக உடைத்துக் குப்பையில் போட வேண்டும். இந்த இடத்தில்தான் பெரியவர்களின் உதவி தேவைப்படுகிறது. "போனால் போகட்டும், இன்னும் ஒரு தடவை" என்று பையன் கெஞ்சும்போது வேண்டாம் என்று சொல்லவும், அடுத்த வாரத்துக்குள் உறுப்பை மாற்றிக் கொடுக்கவும் ஒருவர் இருந்தால் அந்த வீட்டில் ஹெலிகாப்டர் பறக்கும்.

ஆகவே, பையன் அடுத்த முறை விலைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றால், பெற்றோர் அவனிடம் கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு விலை?" என்பது அல்ல. "திரையில் மூக்கை உன் பக்கமாக வைத்துக்கொண்டு இரண்டு நிமிஷம் நிறுத்திக் காட்டு, பார்க்கலாம்" என்று சொல்லிப் பார்க்கட்டும். நிறுத்திக் காட்டினால், தாராளமாக வாங்கிக் கொடுக்கலாம். காட்டாவிட்டால், ட்ரான்ஸ்மிட்டரோடு இன்னும் ஒரு மாதம் பழகச் சொல்லலாம். பணம் எங்கும் ஓடிவிடாது. தகப்பனாரே ஆசைப்பட்டவரானால், இதே பரீட்சையைப் பையன் அவருக்கு வைக்கட்டும்.